அடிவயிற்று வலி: கிருமி எந்த வழியாக உள்ளே போகிறது

"அடிவயித்துல ஒரே இழுவையா இருக்கு. இடுப்பு கழண்டு விழுற மாதிரி வலி. கொஞ்ச நாளா வெள்ளையும் படுது." மகப்பேறு புறநோயாளிப் பிரிவில் தினமும் கேட்கிற பேச்சு இது. இதைச் சொன்ன கையோடு பல பெண்கள் காரணத்தையும் சொல்லிவிடுவார்கள்: "உடம்பு சூடுதான், வேற ஒண்ணுமில்ல." வெந்தயம் ஊறவைத்துக் குடித்திருப்பார்கள். இளநீர், மோர், எண்ணெய்க் குளியல் எல்லாம் ஆகியிருக்கும். இவற்றால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் சூடு தணியட்டும் என்று காத்திருந்த அந்த இருபது நாளில் கர்ப்பப்பை வாயில் இருந்த கிருமி கருக்குழாய் வரை ஏறியிருக்கும். கெடுதல் அங்கேதான்.

கர்ப்பப்பை, கருக்குழாய், சினைப்பை, அவற்றைச் சுற்றியுள்ள சவ்வு ஆகியவற்றில் வரும் தொற்றையும் அழற்சியையும் சேர்த்து டாக்டர்கள் பி.ஐ.டி. என்று சீட்டில் எழுதுவார்கள். தமிழில் இடுப்புக்குழி அழற்சி எனலாம். கிருமி பெரும்பாலும் கீழிருந்து மேலே ஏறுகிறது. யோனியில் எப்போதும் பலவகைக் கிருமிகள் குடியிருக்கும், அது இயல்பு. கர்ப்பப்பைக்குள் போகாமல் அவற்றைத் தடுப்பது கர்ப்பப்பை வாயில் அடைப்பான்போல் நிற்கும் கெட்டியான சளி. மாதவிலக்கு நாட்களில் அந்தச் சளி கரைந்து வாய் லேசாகத் திறந்திருக்கும். பிரசவம், கருக்கலைப்பு, கருவி நுழைத்துச் செய்யும் சோதனை ஆகியவற்றிலும் அது திறக்கும். அடிவயிற்று வலி மாதவிலக்கு முடிகிற சமயத்திலோ முடிந்த சில நாட்களிலோ ஆரம்பித்தது என்று ஒரு பெண் சொன்னால், அதைக் கவனமாகக் குறித்துக்கொள்ள வேண்டியது இதனால்தான்.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கிருமி எந்த வழியாக உள்ளே போனது என்பது. மருந்தும், யாருக்கெல்லாம் மருந்து என்பதும், திரும்ப வராமல் தடுப்பதும் இந்த ஒரு பதிலைப் பொறுத்தே அமையும். அதைக் கேட்காமல் "வெள்ளைப்படுதலுக்கு மாத்திரை" கொடுத்து அனுப்பினால், அதே பெண் மூன்று மாதத்தில் அதே வலியோடு வந்து நிற்பார்.

பேசத் தயங்குகிற காரணம்

முதல் வழி உடலுறவு. கிளமிடியா, கொனோரியா என்ற இரண்டு கிருமிகள் இதில் முக்கியமானவை. மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் மூன்றாவது. இவை பெரும்பாலும் ஆணிடமிருந்து பெண்ணுக்கு வந்து, முதலில் கர்ப்பப்பை வாயில் உட்காரும். கிளமிடியா வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. ஆண்களிலும் பலருக்கு எரிச்சல், சீழ், வலி ஒன்றும் இருக்காது. "எனக்கு ஒண்ணுமில்லையே, நான் எதுக்கு மாத்திரை போடணும்?" என்று கணவர் கேட்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவருக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கிளமிடியா மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும், சத்தமில்லாமல் உடம்பில் தங்கும். சோதனையில் கிருமி தெரிந்தால் அது எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று அந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியாது. திருமணத்துக்கு முந்தைய தொற்றாகக்கூட இருக்கலாம். இதை முதலிலேயே விளக்காமல் ரிசல்ட்டை மட்டும் கையில் கொடுத்தால் வீட்டில் வெடிக்கும், அடிகூட விழும். மருந்து நின்றுபோகும். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசுவதற்கு முன்னால், அந்தப் பெண்ணிடம் தனியாக "வீட்டுல சொன்னா உங்களுக்கு ஏதாவது ஆபத்து இருக்கா?" என்று கேட்பது மருத்துவத்தில் சேர்ந்த வேலை. மரியாதைக்காகச் செய்வதல்ல.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. பல பேரோடு பழகுகிற பெண்ணுக்குத்தான் இது வரும் என்பது. தன் வாழ்நாளில் ஒரே ஆணை மட்டும் அறிந்த பெண்ணுக்கும் வரும். அந்த ஆணுக்கு வேறு தொடர்பு இருந்திருந்தால் போதும். இருபத்தைந்து வயதுக்குக் கீழே உள்ள பெண்களுக்கு அபாயம் கூடுதல். அந்த வயதில் கர்ப்பப்பை வாயின் உட்புற மெல்லிய தோல் வெளியே கொஞ்சம் விரிந்திருக்கும், கிளமிடியாவுக்கு அந்தத் தோல் பிடித்த இடம்.

பொதுக் கழிப்பறை, நீச்சல் குளம், அடுத்தவர் துவைத்த புடவை, பப்பாளி, கோழிக்கறி, சைக்கிள் ஆகியவற்றால் பி.ஐ.டி. வராது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணத்தை அங்கே தேடிக்கொண்டிருக்கும்வரை நிஜக் காரணம் பக்கத்திலேயே இருக்கும்.

சுத்தம் என்ற பெயரில்

யோனியின் உட்புறம் இயல்பில் புளிப்பானது. பி.ஹெச். அளவு சுமார் 3.8 முதல் 4.5 வரை. லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா அந்தப் புளிப்பைக் காக்கிறது. அது குறைந்தால் கார்ட்னரெல்லா, பிரிவோடெல்லா போன்ற காற்று வேண்டாத பாக்டீரியாக்கள் பெருகும். அப்போது சாம்பல் கலந்த வெள்ளையாக நீர்த்த கசிவு வரும். மீன் நாற்றம் அடிக்கும், உறவுக்குப் பிறகு அந்த நாற்றம் கூடும். அரிப்பு அவ்வளவாக இருக்காது. தயிர்க்கட்டி மாதிரி வெள்ளையும் கடுமையான அரிப்பும் இருந்தால் அது பூஞ்சை. பூஞ்சை மேலே ஏறி கருக்குழாயைக் கெடுப்பதில்லை. ஆனால் மீன் நாற்றக் கசிவு உள்ள பெண்களிடம் பி.ஐ.டி. அதிகம் பார்க்கிறோம். கருக்குழாய்ச் சீழில் இந்தக் கிருமிகள் இருப்பதும் தெரிந்த விஷயம்.

நாற்றம் வந்ததும் பெண்கள் செய்வது என்ன? உள்ளே விரல் விட்டு சோப்புப் போட்டுக் கழுவுகிறார்கள். டெட்டால் கலந்த தண்ணீர், இப்போது கடையில் விற்கும் "இன்டிமேட் வாஷ்". இவை நல்ல பாக்டீரியாவை முதலில் அழிக்கும். நாற்றம் இரண்டு நாள் குறைந்து, முன்னைவிடக் கூடுதலாக வரும். தண்ணீரைப் பீய்ச்சி உள்ளே கழுவுவதில் இன்னொரு ஆபத்து, கீழே இருக்கிற கிருமியை அந்தத் தண்ணீரே மேலே தள்ளும். வெளிப்பகுதியை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். உள்ளே கை போக வேண்டியதே இல்லை. கழுவும்போது முன்னிருந்து பின்னாக.

மாதவிலக்குத் துணியைப் பற்றி ஒரு வார்த்தை. துணி வைத்தாலே கர்ப்பப்பையில் கிருமி வரும் என்பது சரியல்ல. சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் முழுக்கக் காயவைத்த துணி நல்ல துணிதான். கட்டிலுக்கு அடியிலும் பாத்ரூம் மூலையிலும் மறைத்து, ஈரம் போகாமல் திரும்ப வைப்பதுதான் சிக்கல். நாப்கினானாலும் துணியானாலும் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

கருவியும் கையும் திறந்துவிடும் வழி

பிரசவத்துக்குப் பிறகு வரும் காய்ச்சலை ஊரில் ஜன்னி என்பார்கள். நஞ்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கியது, பனிக்குடம் உடைந்து வெகு நேரம் ஆனது, வலி நேரத்தில் திரும்பத் திரும்ப உள்பரிசோதனை செய்தது, சிசேரியன் ஆகியவை இதன் பின்னணி. 1847இல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணப் பரிசோதனை முடித்துவிட்டு நேரே பிரசவ அறைக்கு வந்த மருத்துவ மாணவர்களைக் குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவச் சொன்னார். நூற்றுக்குப் பதினெட்டு வரை போயிருந்த தாய்மார் சாவு இரண்டு மாதத்தில் இரண்டளவுக்கு இறங்கியது. கை கழுவுவதற்கு இன்றும் அதே மதிப்புதான். பிரசவம் ஆன பச்சை உடம்புக்காரிக்கு 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், உதிரப்போக்கில் அழுகிய வாடை, தொட்டால் அடிவயிறு வலிப்பது, இவற்றில் எது வந்தாலும் பத்தியமும் கஷாயமும் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கருக்கலைப்பில் நடக்கிற தவறு பெரும்பாலும் மருந்துக் கடையில் ஆரம்பிக்கிறது. மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் மாத்திரைகளை டாக்டர் சீட்டில்லாமல் வாங்கி, எத்தனை வாரம் என்று ஸ்கேன் பார்க்காமல், எப்படிப் போடுவது என்றும் தெரியாமல் போட்டுக்கொள்கிறார்கள். ரத்தம் போனதும் "முடிஞ்சிருச்சு" என்று நினைக்கிறார்கள். துண்டு உள்ளே தங்கியிருந்தால் ரத்தக்கசிவு வாரக்கணக்கில் நீளும், பிறகு வாடை, பிறகு காய்ச்சல். மாத்திரை சரியாக வேலை செய்ததா என்று இரண்டு வாரத்தில் மறுபரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பெரிய நாப்கின் முழுக்க நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும். கருக்கலைப்பு 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது, 2021இல் அதற்குத் திருத்தமும் வந்தது. அரசு மருத்துவமனையில் அது சட்டபூர்வமாகச் செய்யப்படுகிறது. எருக்கங்குச்சியும் வேர்த்துண்டும் சொருகிய காலத்தில் சீழ் பிடித்துச் செத்த பெண்களின் கதை ஊர்ப் பாட்டிமார்களுக்குத் தெரியும். அந்தப் பயம் நியாயமானது. அதனாலேயே, மறைவாகச் செய்யும் இடத்துக்குப் போகக் கூடாது.

கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டி மீது இருக்கும் பயமோ அளவுக்கு மீறியது. அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற டால்கன் ஷீல்ட் என்ற கருத்தடைச் சாதனத்தின் நூல் பல இழை சேர்த்து முறுக்கியது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அந்த நூல் கிருமியை மேலே இழுத்தது. இன்றைய காப்பர்-டியில் இருப்பது ஒற்றை இழை நூல். இதில் தொற்று வருகிற காலம் பெரும்பாலும் போட்ட முதல் மூன்று வாரம்தான். போடும்போது கர்ப்பப்பை வாயில் ஏற்கெனவே இருந்த கிருமி கூடவே உள்ளே போவதால் அப்படி. அதன் பிறகு அபாயம் பெரும்பாலும் மற்ற பெண்கள் அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே காப்பர்-டி போடுவதற்கு முன் வெள்ளைப்படுதல், நாற்றம், உறவின்போது வலி, உறவுக்குப் பின் ரத்தம் உண்டா என்று கேட்டு, சீழ்க் கசிவு இருந்தால் முதலில் மருந்து கொடுத்துச் சரிசெய்துவிட்டுப் போட வேண்டும். போட்ட மூன்று வாரத்துக்குள் அடிவயிற்று வலியும் காய்ச்சலும் வந்தால் அன்றே காட்ட வேண்டும். தொற்று வந்துவிட்டால்கூட உடனே எடுத்துவிட வேண்டியதில்லை. மருந்து ஆரம்பித்து இரண்டு மூன்று நாளில் குறையவில்லை என்றால்தான் எடுப்பது பற்றி யோசிப்பார்கள்.

குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கும் பெண்களுக்குச் செய்கிற ஹெச்.எஸ்.ஜி. எக்ஸ்ரேயும் ஒரு வழி. சாயத்தைக் கர்ப்பப்பைக்குள் செலுத்திக் குழாய் திறந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஏற்கெனவே நீர் கோத்து வீங்கிய குழாய் உள்ள பெண்ணுக்கு அதன் பிறகு தொற்று கிளம்பலாம். முன்பு பி.ஐ.டி. வந்திருந்தால் அதை எக்ஸ்ரேக்கு முன்னாலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

மேலிருந்து வருகிற கிருமி

எல்லாம் கீழிருந்து ஏறுவதல்ல. நம் நாட்டில் மறக்கக் கூடாத ஒன்று காசநோய். நுரையீரலில் எப்போதோ வந்த காசநோய்க் கிருமி ரத்தம் வழியாகக் கருக்குழாயில் போய் உட்காரும். பிறப்புறுப்புக் காசநோயில் ஏறக்குறைய எல்லாருக்கும் கருக்குழாய் பாதிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் வலி லேசாக இருக்கும், காய்ச்சல் இருக்காது, இருமல் இருக்க வேண்டியதே இல்லை. பலருக்கு மாதவிலக்கு மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வரும், அல்லது நின்றுவிடும். கல்யாணமாகி வருடங்கள் ஆகியும் குழந்தை இல்லை என்று பார்க்கும்போதுதான் பல பேருக்குத் தெரியவருகிறது.

இரண்டு இடங்களில் காசநோயை நினைக்க வேண்டும். பி.ஐ.டி.க்குக் கொடுக்கிற 14 நாள் மருந்தை முறையாக முடித்தும் வலியும் கட்டியும் குறையாத பெண். உடலுறவே அறியாத இளம்பெண்ணுக்கு நீடித்த அடிவயிற்று வலி, வயிற்றில் நீர். மாதவிலக்கு வருவதற்குச் சற்று முன்னால் கர்ப்பப்பை உட்சவ்விலிருந்து சிறு துண்டு எடுத்து, திசுப் பரிசோதனைக்கும், காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனைக்கும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் அனுப்புவார்கள். எடுத்த துண்டு முழுவதையும் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கல்ச்சர் பார்க்க முடியாது. ஒரு பாகம் சாதாரண சலைனில் போக வேண்டும். சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் இதில் தவறி ரிசல்ட் கெட்டுப்போவது சாதாரணமாக நடக்கிறது. சிகிச்சை ஆறு மாதம், அரசு மருத்துவமனையில் இலவசம். அதில் கொடுக்கிற ரிஃபாம்பிசின் மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், பயப்பட வேண்டாம். ஆனால் அதே மாத்திரை கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுக்கும் என்பதால் அந்த மாதங்களில் வேறு கருத்தடை முறை தேவை. காசநோய் குணமானாலும், தழும்பேறி அடைத்த குழாய் திறந்துகொள்வது அரிது என்பதைச் சிகிச்சை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு வேறு கணக்கு. அந்த வயதில் கர்ப்பப்பைக்குள் சீழ் தேங்கினால், வாயை அடைத்திருப்பது புற்றுநோயா என்று பார்த்தே ஆக வேண்டும். ஆன்டிபயாட்டிக் கொடுத்து அனுப்பிவிடுகிற நோயல்ல அது.

வலி என்று வந்தால் முதல் சோதனை

ரத்தமும் ஸ்கேனும் அடுத்தது. முதலில் சிறுநீரில் கர்ப்பச் சோதனை. அட்டைச் சோதனை ஐந்து நிமிட வேலை. கருக்குழாயில் தங்கிய கர்ப்பமும் பி.ஐ.டி.யும் ஒரே முகத்தோடு வரும். நாள் தள்ளிப்போயிருந்து, ஒரு பக்கம் வலித்து, தலைசுற்றி, தோள்பட்டையும் வலித்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். அது மணிக்கணக்கில் உயிரைப் பறிக்கும். "ஆபரேஷன் பண்ணியாச்சு", "கல்யாணம் ஆகல", "வீட்டுக்காரர் ஊரில் இல்ல" என்று எந்தப் பதில் வந்தாலும் இந்தச் சோதனையை விடக் கூடாது.

அடுத்தது உள்பரிசோதனை. கையுறை போட்ட விரலால் கர்ப்பப்பை வாயை லேசாக அசைக்கும்போதோ, கர்ப்பப்பையை அல்லது அதன் இரு பக்கங்களையும் அழுத்தும்போதோ துடிக்கிற அளவு வலித்தால், வேறு காரணம் தெரியாத நிலையில் மருந்தை ஆரம்பித்துவிடலாம். ஸ்கேன் நார்மல் என்பதால் பி.ஐ.டி. இல்லை என்றாகாது. குழாயில் சீழோ நீரோ கட்டியபிறகுதான் ஸ்கேனில் தெரியும், ஆரம்பத்தில் தெரியாது. "ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க" என்று வீட்டுக்குப் போய்விடுகிற பெண்கள் நிறைய. வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே, மூச்சு இழுத்தால் குத்துகிற வலியும் சிலருக்குச் சேர்ந்து வரும். கல்லீரலைச் சுற்றிய சவ்வுக்குத் தொற்று பரவியதால் வருவது அது. பித்தப்பைக் கல் என்று நினைத்து அலைந்தவர்கள் உண்டு.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கடைசி மாதவிலக்குத் தேதி, போட்ட மாத்திரைகளின் அட்டை, பிரசவம் அல்லது கருக்கலைப்பு டிஸ்சார்ஜ் சீட்டு, காப்பர்-டி போட்ட தேதி ஆகியவற்றைக் கொண்டுபோக வேண்டும். உள்பரிசோதனைக்கு முன் சிறுநீர் கழித்துவிட வேண்டும், கர்ப்பச் சோதனைக்கு வேண்டுமானால் அதையே டப்பாவில் பிடித்துக் கொடுக்கலாம். பெண் டாக்டர் வேண்டும் என்றோ, பக்கத்தில் ஒரு நர்ஸ் நிற்க வேண்டும் என்றோ கேட்கலாம். கேட்கிற உரிமை இருக்கிறது. திருமணமாகாத பெண்ணுடன் அம்மா வந்திருந்தால், அம்மாவைச் சற்று வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்கிற கேள்விக்குத்தான் சரியான பதில் வரும்.

இங்கே கோபத்தோடு சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. கர்ப்பப்பை வாய் சிவந்து தெரிந்தாலே "கர்ப்பப்பையில் புண், விட்டா கேன்சர் ஆயிடும், எடுத்துருங்க" என்று சொல்கிற பழக்கம். அந்தச் சிவப்பு பல பெண்களிடம் வெறும் இயல்பு. உட்புறத் தோல் வெளியே விரிந்திருப்பதைத்தான் புண் என்கிறார்கள். கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைத் தடவியெடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனையைச் செய்துவிட்டால் பயம் தீரும். வெள்ளைப்படுதலுக்கும் அடிவயிற்று வலிக்கும் முப்பது வயதில் கர்ப்பப்பையை எடுத்தவர்களை இந்தியா முழுக்கப் பார்க்கிறோம். 2019இல் மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களிடம் இந்த அறுவை சிகிச்சை இவ்வளவு நடந்திருக்கிறதா என்று நாடே அதிர்ந்தது. 14 நாள் மாத்திரையில் தீர வேண்டிய நோய்க்கு ஒரு உறுப்பை எடுப்பது சிகிச்சையாகாது. கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால் இன்னொரு டாக்டரிடம், முடிந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், ஒரு முறை காட்டிவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

மருந்தில் எங்கே தவறுகிறது

அரசுப் பால்வினை நோய் கிளினிக்குகளில் அடிவயிற்று வலிக்கென்று மஞ்சள் நிறப் பொட்டலம் ஒன்று உண்டு, கிட் 6 என்பார்கள். அதில் செஃபிக்சிம் 400 மி.கி. ஒரே வேளை, டாக்சிசைக்ளின் 100 மி.கி. காலை மாலை 14 நாள், மெட்ரோனிடசோல் 400 மி.கி. காலை மாலை 14 நாள். சில டாக்டர்கள் செஃபிக்சிமுக்குப் பதில் செஃப்ட்ரியாக்சோன் ஊசி போடுவார்கள். மூன்றுக்கும் தனித்தனி வேலை: ஒன்று கொனோரியாவுக்கு, ஒன்று கிளமிடியாவுக்கு, ஒன்று காற்று வேண்டாத கிருமிகளுக்கு. ஒன்றை விட்டால் ஒரு கூட்டம் தப்பிவிடும். இதை டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். கர்ப்பிணிக்கு டாக்சிசைக்ளின் கூடாது, கர்ப்பிணிக்கு இந்தத் தொற்று வந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் வைத்தியம்.

நான்காம் நாள் வலி போய்விடும். ஐந்தாம் நாள் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். இந்த ஒரு இடத்தில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். கிளமிடியா நம் உடம்பின் செல்லுக்குள்ளேயே ஒளிந்து வளர்கிற கிருமி. வெளியே வரும் வேளையில் மட்டுமல்ல, உள்ளேயும் போய் அதைப் பிடிக்க மருந்து நாள்கணக்கில் ரத்தத்தில் இருக்க வேண்டும். சில பேர் மருந்துக் கடையில் மூன்று நாள் அசித்ரோமைசினோ சிப்ரோஃப்ளாக்சசினோ வாங்கிப் போடுகிறார்கள். சிப்ரோவுக்கு கொனோரியா இப்போது பெரும்பாலும் மசிவதில்லை. அடியில் வைக்கிற மாத்திரை யோனிக்கு மட்டும்தான், கருக்குழாய் வரை அது எட்டாது.

டாக்சிசைக்ளினை ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்த நிலையில் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும், நெஞ்சு எரியும். பாலோடு, கால்சியம் மாத்திரையோடு, சத்து மாத்திரை என்று கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் ஏறாது. குறைந்தது இரண்டு மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை வீட்டுக்கு வீடு இருக்கிற நம் ஊரில் இதைச் சொல்லாமல் விட்டால் மருந்தில் பாதி வீண். வெயிலில் வேலை பார்க்கிற பெண்களுக்குத் தோல் சீக்கிரம் கருகும், தலையில் துண்டு போட்டுக்கொள்ள வேண்டும். மெட்ரோனிடசோல் நாக்கில் இரும்பு ருசி கொடுக்கும், குமட்டும், சிறுநீர் கருத்துப்போகும். சாப்பிட்டபின் போட்டால் தாங்கும். குடிப்பழக்கம் இருந்தால், இந்த மாத்திரை போடும் நாட்களில் சாராயம் தொடக் கூடாது.

மருந்து ஆரம்பித்த மூன்றாம் நாள், 72 மணி நேரத்துக்குள், திரும்பப் போய்க் காட்ட வேண்டும். அந்த மூன்று நாளில் காய்ச்சல் இறங்கி வலி கணிசமாகக் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் சீழ்க்கட்டியோ, குடல்வாலோ, வேறு நோயோ என்று பார்க்க வேண்டும். 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், மாத்திரை நிற்காமல் வாந்தி, ஸ்கேனில் குழாயும் சினைப்பையும் சேர்ந்த சீழ்க்கட்டி ஆகியவை இருந்தால் வீட்டு வைத்தியம் இல்லை, அட்மிஷன்தான். சர்க்கரை நோய் இருந்தால் ஆரம்பத்திலேயே சர்க்கரை அளவைப் பார்த்துக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும், சர்க்கரை ஏறியிருந்தால் எந்தத் தொற்றும் லேசில் அடங்காது.

கணவருக்கு மருந்து கொடுக்காவிட்டால் இத்தனையும் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர். வலி வருவதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் உறவு இருந்த ஆணுக்கு, அவருக்கு அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கிளமிடியாவுக்கும் கொனோரியாவுக்கும் மருந்து கொடுக்க வேண்டும். அவர் வெளியூரிலோ வளைகுடாவிலோ இருந்தால், திரும்பி வந்த அன்றே, உறவுக்கு முன், பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். இருவரும் மருந்தை முடித்து வலியும் போகும்வரை உறவு வேண்டாம். எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனையும் இருவருக்கும் செய்துவிடுவது முறை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம், சுகவாழ்வு மையம் என்ற பெயர்ப் பலகை இருக்கும் இடத்தில் இந்தச் சோதனையும் ஆலோசனையும் இலவசம், ரகசியமும் காக்கப்படும். 1097 என்ற இலவச எண்ணிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கிளமிடியாவோ கொனோரியாவோ சோதனையில் உறுதியாகியிருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். மருந்து வேலை செய்யாததைவிட, திரும்பத் தொற்றிக்கொள்வதே அதிகம்.

ஒருமுறை வந்த பிறகு

கருக்குழாயின் உட்புறத்தில் மெல்லிய ரோமம் போன்ற இழைகள் அசைந்து அசைந்து கருவைக் கர்ப்பப்பைக்குத் தள்ளும். சீழ் ஆறினாலும் அந்த இழைகள் திரும்ப வளர்வது குறைவு. குழாய் சில இடங்களில் நூல் நுழையும் அகலம்தான், அதில் தழும்பு விழுந்தால் வழி அடைபடும். ஸ்வீடனின் லுண்ட் நகரில் 1960 முதல் 1984 வரை பெண்களைத் தொடர்ந்து கவனித்து லார்ஸ் வெஸ்ட்ரம் குழுவினர் கண்டது இது: ஒருமுறை பி.ஐ.டி. வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 8 பேருக்குக் குழாய்க் கோளாறால் குழந்தை இல்லை. இரண்டு முறை வந்தவர்களில் சுமார் 20. மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தவர்களில் சுமார் 40. முதல் தடவையே முழு மருந்தும் முடிக்கச் சொல்வதும், கணவருக்கும் மருந்து என்று விடாப்பிடியாக நிற்பதும் இந்த எண்ணிக்கையை மனதில் வைத்துத்தான்.

ஒருமுறை வந்தவர் இனி கர்ப்பமாக முடியாது என்று அழ வேண்டியதில்லை. நூற்றில் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களுக்குக் குழாயால் தடை வரவில்லை என்பதும் அதே கணக்குத்தான். ஆனால் கரு குழாயிலேயே தங்கிவிடும் அபாயம் இவர்களுக்குப் பல மடங்கு அதிகம். ஆகவே பி.ஐ.டி. வந்து குணமான பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால் மூன்றாம் மாதம்வரை காத்திருக்காமல், அட்டைச் சோதனையில் இரண்டு கோடு தெரிந்ததுமே டாக்டரிடம் பழைய தொற்றைச் சொல்லி, ஆறாவது வாரத்திலேயே ஸ்கேன் எடுத்து, கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.